ஓவர்லாக் தையல் இயந்திரம்

ஓவர்லாக் தையல் இயந்திரம் என்பது துணியின் ஓரத்தை நறுக்கி, நறுக்கிய ஓரத்தைச் சுற்றி நூல்களைப் பின்னி, இரண்டு துணிகளை ஒன்றோடொன்று இணைக்கவும் செய்யும் தையல் இயந்திரம் ஆகும். இம்மூன்று வேலைகளும் ஒரே ஓட்டத்தில் நிகழ்கின்றன. பனியன், டி-சட்டை, உள்ளாடை முதலிய பின்னலாடைகள் பெரும்பாலும் இவ்வியந்திரத்தாலேயே தைக்கப்படுகின்றன. நெய்த துணியில் தைத்த சுடிதார், இரவிக்கை ஆகியவற்றின் உட்புறத்தில் நூல் பிரிந்து வராதிருக்க அடிக்கப்படும் ஓரத் தையலும் இதுவே.

டி-சட்டை ஒன்றை உட்புறம் திருப்பிப் பார்த்தால் இரண்டு வகைத் தையல்களைக் காணலாம். பக்கவாட்டு இணைப்பில் நூல்கள் துணியின் ஓரத்தைச் சுற்றி வளைந்திருக்கும். அது ஓவர்லாக் தையல். கீழ் மடிப்பில் வெளிப்புறம் இரண்டு இணைகோடுகளும் உட்புறம் வலை போன்ற பின்னலும் இருக்கும். அது கவர் தையல் எனப்படும். அதனை ஓவர்லாக் இயந்திரத்தால் தைக்க இயலாது. இவ்வேறுபாட்டை அறியாமல், ஓர் இயந்திரம் வாங்கினால் முழுச் சட்டையும் தைத்துவிடலாம் என்று எண்ணிக் கடன் பெற்று வாங்கியபின் வருந்துவோர் உளர். ஆகவே இக்கட்டுரையில் இருவகை இயந்திரங்களும், இரண்டையும் ஒன்றாக்கிய கவர்லாக் இயந்திரமும் சேர்த்தே விளக்கப்படுகின்றன.

பெயர்கள்

அமெரிக்காவில் இவ்வியந்திரம் செர்ஜர் என்றும், பிரித்தானியா, ஆத்திரேலியா, இந்தியா முதலிய நாடுகளில் ஓவர்லாக் என்றும் அழைக்கப்படுகின்றது. கவர் தையல் இயந்திரத்தைத் திருப்பூரில் பிளாட்லாக் என்பர். பேச்சு வழக்கில் அது பேட்லாக் என்று திரிந்து, ஆள் தேவை விளம்பரங்களிலும் அவ்வாறே எழுதப்படுகின்றது. சாதாரண நேர்த்தையல் இயந்திரம், அதனை எந்த நிறுவனம் செய்திருந்தாலும், அங்கு சிங்கர் எனப்படுவதும் உண்டு.

இப்பெயர் வழக்கில் ஒரு சிக்கல் உள்ளது. தையல் நூல்களில் பிளாட்லாக் என்பது நான்கு ஊசிகளும் ஆறு நூல்களும் கொண்டு, இரண்டு துணிகளின் ஓரங்களைத் தட்டையாக இணைக்கும் வேறொரு தையலைக் குறிக்கும். விளையாட்டு வீரர்களின் இறுக்கமான உடைகளில் அதனைக் காணலாம். வெளிநாட்டு விற்பனையாளரிடமோ இணையவழியிலோ பிளாட்லாக் என்று மட்டும் கேட்பவருக்குத் தாம் எண்ணியிராத பொருள் வந்து சேரக்கூடும். ஊசிகளின் எண்ணிக்கையையும் நூல்களின் எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்வது நன்று.

வரலாறு

அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் மெரோ குடும்பத்தினர் நடத்திவந்த பின்னல் ஆலையில் இவ்வியந்திரம் உருவானது. அக்குடும்பம் 1838 இல் தொழில் தொடங்கியது வெடிமருந்து ஆலையாக என்பது வியப்பானது. பின்னலாடைகளின் ஓரத்தைக் கையால் பின்னி முடிக்கும் வேலையை இயந்திரத்துக்கு மாற்றும் முயற்சியில் ஜோசப் எம். மெரோ 1881 இல் வெற்றி கண்டார். அதனால் அக்காலத்தில் இதற்குக் குரோசே இயந்திரம் என்று பெயர். 1889 இல் காப்புரிமை பெறப்பட்டது.

பின்னர் நெடுங்காலம் இது தொழிற்சாலைகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. வீட்டில் பயன்படுத்தத்தக்க சிறிய ஓவர்லாக் 1960களில் ஜப்பானில் உருவாக்கப்பட்டு, பேபி லாக் என்ற பெயரில் பரவியது. தொழிற்சாலை வகையில் ஜப்பானின் ஜூகி, பெகாசஸ், யமாட்டோ, தைவானின் சிருபா, சீனாவின் ஜாக் ஆகிய பெயர்கள் இந்தியாவில் நன்கு அறியப்பட்டவை.

தையல் உருவாகும் முறை

நேர்த்தையல் இயந்திரத்தில் மேல்நூலும் பாபினில் உள்ள கீழ்நூலும் ஒன்றையொன்று கொக்கியிட்டுக் கொள்கின்றன. ஓவர்லாக்கில் பாபின் கிடையாது. அதற்குப் பதிலாக லூப்பர் எனப்படும் வளைந்த எஃகுக் கரங்கள் இரண்டு உள்ளன. ஒவ்வொன்றும் தனக்குரிய கோனிலிருந்து நேரடியாக நூலைப் பெறுகின்றது.

ஊசி துணியைத் துளைத்துக் கீழே சென்று மேலெழத் தொடங்கும்போது, அதன் பின்புறம் நூல் சிறு வளையமாகப் பிதுங்கும். இடப்புறமிருந்து வரும் கீழ் லூப்பர் அவ்வளையத்தினுள் நுழைந்து வலப்புறம் செல்லும். அங்கே மேல் லூப்பர் குறுக்கிட்டு, கீழ் லூப்பரின் நூலைக் கடந்து, தன் நூலுடன் துணியின் ஓரத்தைச் சுற்றி மேலேறி இடப்புறம் வரும். மீண்டும் இறங்கும் ஊசி, மேல் லூப்பருக்கும் அதன் நூலுக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளியில் இறங்கி அந்நூலைப் பிடித்துக்கொள்ளும். இச்சுழற்சி தொழிற்சாலை இயந்திரத்தில் நிமிடத்திற்கு 6,000 முறைக்கு மேலும், வீட்டு இயந்திரத்தில் ஏறத்தாழ 1,300 முதல் 1,500 முறையும் நிகழ்கின்றது. ஊசிக்கு முன்னால் மேலும் கீழுமாக அமைந்த இரண்டு கத்திகள் கத்தரிக்கோல் போல இயங்கி ஓரத்தை நறுக்கிக்கொண்டே செல்கின்றன.

இத்தையல் இழுத்தால் நீள்வதற்குக் காரணம் அதில் அடங்கியுள்ள நூலின் அளவாகும். ஒரு மீட்டர் நேர்த்தையலுக்கு ஏறக்குறைய 2.5 மீட்டர் நூல் போதும். மூன்று நூல் ஓவர்லாக்கிற்கு ஏறக்குறைய 14 மீட்டர் தேவை. சட்டையைத் தலைவழியே இழுத்து அணியும்போது கழுத்துத் தையல் அறாமல் இருப்பது இந்த உபரி நூலால்தான். நூல் செலவைக் கண்டு அஞ்சுவோர் ஒன்றைக் கவனிக்கலாம். மூன்று நூல் தையலில் ஊசிக்குச் செல்வது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே, எஞ்சியது லூப்பர்களுக்கு. வெளியே தெரிய வாய்ப்புள்ளது ஊசி நூல் ஆதலால், துணிக்குச் சரியாகப் பொருந்தும் நிறத்தை ஊசிக்கு மட்டும் வாங்கி, லூப்பர்களுக்குக் கையிருப்பிலுள்ள ஒத்த நிறத்தைக் கோத்துக்கொள்வது தையற்காரர்களின் பழைய சிக்கனம்.

நூல்களின் எண்ணிக்கை

இயந்திரத்தைத் தெரிவு செய்வதில் முதலில் வரும் கேள்வி இதுவாகும். ஐஎஸ்ஓ 4915 தரநிலையில் ஒவ்வொரு தையலுக்கும் ஓர் எண் வழங்கப்பட்டுள்ளது. விற்பனையாளர் கூறும் பெயர் எதுவாயினும் இவ்வெண் மாறாது.

மூன்று நூல் தையல் (504) ஓர் ஊசியும் இரண்டு லூப்பர்களும் கொண்டது. நெய்த துணியின் ஓரம் பிரியாமல் காக்கவும், மெல்லிய பின்னல் துணியை இணைக்கவும் ஏற்றது. நான்கு நூல் தையலில் (514) ஊசிகள் இரண்டு. ஓர் ஊசியின் நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். தோள், அக்குள் போன்று இழுவிசை மிகுந்த இடங்களுக்கு இதுவே பொருத்தமானது. நான்கு நூல் இயந்திரத்தில் ஓர் ஊசியைக் கழற்றிவிட்டால் மூன்று நூல் தையலும் கிடைக்கும். மூன்று நூல் இயந்திரத்தை நான்கு நூலாக மாற்ற இயலாது. எனவே விலை வேறுபாடு தாங்கக்கூடியதாயின் நான்கு நூலையே வாங்குவது தக்கது.

ஐந்து நூல் தையல் (516) என்பது ஒரு சங்கிலித் தையலும் அதன் அருகில் மூன்று நூல் ஓவர்லாக்கும் ஒன்றாக விழுவதாகும். காற்சட்டை, ஜீன்ஸ், பள்ளிச் சீருடை முதலியவற்றை ஒரே ஓட்டத்தில் இணைத்து ஓரமும் முடித்துவிடலாம். ஆனால் நன்கு இழுபடும் பனியன் துணிக்கு இது நான்கு நூல் தையல் அளவுக்கு ஈடுகொடுப்பதில்லை. நூல் கூடுதலாக இருப்பதால் எல்லாவற்றுக்கும் மேலானது என்று ஐந்து நூலை வாங்கிப் பனியன் தைக்க முற்படுவது அடிக்கடி நிகழும் தவறு.

மூன்று நூல் தையலின் மற்றொரு வடிவம் சுருள் மடிப்பு ஆகும். இதில் நூல்கள் சுற்றி உருவாகும் நாக்கு போன்ற சிறு கம்பி பின்னுக்குத் தள்ளப்படுவதால் ஓரம் தானே சுருண்டு மெல்லிய கயிறு போல முடிகின்றது. துப்பட்டா, சேலை ஓரங்களுக்கு இது பயன்படும். வீட்டு இயந்திரங்கள் பலவற்றில் ஒரு நெம்புகோலைத் தள்ளி இதற்கு மாறலாம். தொழிற்சாலை இயந்திரங்களில் பெரும்பாலும் தட்டையும் காலையும் மாற்றவேண்டியிருக்கும்.

வேற்று வேக ஊட்டம்

டிஃபரன்சியல் எனப்படும் இவ்வமைப்பே நல்ல ஓவர்லாக்கை மட்டமானதிலிருந்து பிரித்துக் காட்டுவது. துணியை நகர்த்தும் பல் ஒன்றாக இல்லாமல் முன்பல், பின்பல் என இரண்டாக இருக்கும். முன்பல் அதிகம் நகர்ந்தால் துணி ஊசிக்கு அடியில் சற்றுக் குவிக்கப்படும். குறைவாக நகர்ந்தால் இழுக்கப்படும். வீட்டு இயந்திரங்களில் இவ்விகிதத்தைப் பொதுவாக 0.7 முதல் 2.0 வரை மாற்றலாம்.

பின்னல் துணி காலின் அழுத்தத்தில் தானாகவே நீளும் இயல்புடையது. விகிதம் 1.0 இல் இருந்தால் தைத்த ஓரம் அலை அலையாக எழும்பி நிற்கும். 1.3 அல்லது 1.5க்கு ஏற்றினால் அலை அடங்கும். மாறாக மெல்லிய செயற்கைப் பட்டுத் துணி தைக்கும்போது சுருங்கினால், விகிதத்தை 1.0க்குக் கீழே இறக்கவேண்டும். இவ்வமைப்பு இல்லாத இயந்திரத்தில் பனியன் துணியைத் தைத்துவிட்டு, அலை வந்ததற்குத் தைப்பவரின் கைப்பழக்கத்தைக் குறை கூறுவது முறையன்று.

கவர் தையல்

கவர் தையல் இயந்திரத்தில் கத்தி இல்லை. இரண்டு அல்லது மூன்று ஊசிகளும் கீழே ஒரு லூப்பரும் உண்டு. இரண்டு ஊசித் தையல் 406 என்றும், மூன்று ஊசித் தையல் 407 என்றும் குறிக்கப்படும். மேற்புறமும் நூல் பின்னல் வேண்டுமாயின் கூடுதலாக ஒரு நூல் சேரும் (602, 605). ஊசிகளுக்கு இடைப்பட்ட அகலம் தொழிற்சாலை வகையில் பெரும்பாலும் 5.6 அல்லது 6.4 மில்லிமீட்டர். ஏற்றுமதி வேலை எடுப்போர் எந்த அளவு கேட்கப்படுகின்றது என்பதை முன்னரே அறிதல் வேண்டும்.

இத்தையலுக்கு ஒரு பலவீனம் உண்டு. முடிவிடத்தைப் பூட்டாமல் விட்டால், அங்கு தொங்கும் நூலை இழுத்தவுடன் வரிசை முழுவதும் அவிழ்ந்துவிடும். சட்டையின் கீழ் மடிப்பு ஒருமுறை துவைத்ததும் தொங்குவது இதனால்தான். தொடங்கிய இடத்தின்மேல் ஓரிரு சென்டிமீட்டர் ஏற்றித் தைத்து, ஊசி நூல்களை உட்புறம் இழுத்து முடிவது வழக்கம்.

கவர்லாக் கூட்டு இயந்திரம்

ஓவர்லாக், கவர் தையல், சங்கிலித் தையல் ஆகியவற்றை ஒரே உடலில் அடக்கிய வீட்டு இயந்திரமே கவர்லாக் ஆகும். இடம் ஒன்று, இயந்திரம் ஒன்று, வேலை மூன்று என்பது இதன் கவர்ச்சி. குறைபாடு மாற்றத்தில் உள்ளது. ஓவர்லாக்கிலிருந்து கவர் தையலுக்கு மாறும்போது ஊசிகளை இடம் மாற்றவேண்டும், கத்தியைத் தாழ்த்திப் பூட்டவேண்டும், மேல் லூப்பரை விலக்கவேண்டும், கத்தி இருந்த இடத்தில் தட்டைப் பொருத்தவேண்டும், நூல்களை மீண்டும் கோக்கவேண்டும். பழகிய கைக்கும் சில நிமிடங்கள் பிடிக்கும். ஒரு டி-சட்டையில் தோளை இணைத்து, கழுத்துப் பட்டியை ஏற்றி, கையின் ஓரத்தை மடித்து, பக்கத்தை மூடி, கீழ் மடிப்பை அடிக்கும்போது இவ்விரு தையல்களும் மாறி மாறி வருகின்றன. ஒவ்வொரு சட்டைக்கும் மாற்றிக்கொண்டிருப்பவர் சலித்துப்போய், நாளடைவில் அதனை ஓவர்லாக்காக மட்டுமே பயன்படுத்தத் தொடங்குகிறார். கொடுத்த விலையோ இரண்டு தனி இயந்திரங்களின் விலையை ஒட்டியிருக்கக்கூடும். மேலும் ஒன்று பழுதானால் இரண்டும் நின்றுபோகும்.

வீட்டில் இடம் மிகக் குறைவாக உள்ளவருக்கும், வேலைகளைத் தொகுத்து முதலில் எல்லா இணைப்புகளையும் பின்னர் எல்லா மடிப்புகளையும் தைக்கும் பொறுமை உள்ளவருக்கும் கூட்டு இயந்திரம் உதவும். தையலால் பிழைப்பவர் முதலில் நான்கு நூல் ஓவர்லாக்கை வாங்கி, வருமானம் வந்தபின் தனிக் கவர் தையல் இயந்திரத்தை வாங்குவதே பாதுகாப்பானது.

தெரிவு செய்தல்

தமிழகச் சந்தையில் மூன்று வகைகள் எதிர்ப்படுகின்றன. முதலாவது, இரும்பு உடலுடைய சிறிய மூன்று நூல் ஓவர்லாக். மிக மலிவானது. தெருவோரத் தையற்கடைகளில் இரவிக்கை, சுடிதார் ஓரம் அடிக்கப் பெரிதும் பயன்படுவது. பெரும்பாலானவற்றில் வேற்று வேக ஊட்டம் இல்லை. இரண்டாவது, கையால் தூக்கி வைக்கத்தக்க வீட்டு இயந்திரம். மூன்று, நான்கு நூல் இரண்டும் தைக்கும். துணி வகைக்கேற்ப எளிதில் மாற்றலாம். ஆனால் நாள் முழுவதும் ஓடுவதற்காகச் செய்யப்பட்டதன்று. மூன்றாவது, மேசையுடன் வரும் தொழிற்சாலை இயந்திரம். இது பல்லாண்டு உழைக்கும். ஆனால் ஒரு குறிப்பிட்ட கனமுள்ள துணிக்கென அமைக்கப்பட்டது. மெல்லிய துணிக்கும் தடித்த துணிக்கும் மாற்றி மாற்றித் தைக்க அது இசைந்து கொடுப்பதில்லை.

தெரிவுக்கு உரிய அளவுகோல் துணியே அன்றி இயந்திரத்தின் விளம்பரம் அன்று. இருபது வகைத் தையல் என்று அட்டையில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் இரண்டு, மூன்று, நான்கு நூல் தையல்களையே அகலம் குறுக்கியும் கூட்டியும் எண்ணிய கணக்காகும். அவற்றுள் அன்றாடம் பயன்படுவன நான்கைந்துக்கு மேல் இரா.

தொழிற்சாலை வகையை வாங்குவோர் மோட்டாரையும் கேட்டறிதல் வேண்டும். பழைய கிளட்ச் மோட்டார் தைக்காத நேரத்திலும் ஓடிக்கொண்டே இருக்கும். இரைச்சலும் மின்செலவும் மிகுதி. சர்வோ மோட்டார் மிதிக்கும்போது மட்டுமே சுழலும், வேகத்தையும் கட்டுப்படுத்தலாம். வாடகை வீட்டில் இரவில் தைப்பவருக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

கடையில் சோதிக்கும்போது விற்பனையாளர் தரும் துணியில் தைத்துப் பார்ப்பதில் பயனில்லை. அது அவ்வியந்திரத்துக்கு நன்கு ஒத்துவரும் துணியாகவே இருக்கும். தாம் தைக்கவிருக்கும் துணிகளின் துண்டுகளை எடுத்துச் செல்லவேண்டும். இரண்டு மடிப்பில் தைத்து, பிறகு அத்தையலின் குறுக்கே மீண்டும் ஒரு தையல் ஓட்டவேண்டும். தடித்த சந்தியில் தையல் தவறினாலோ துணி நின்றாலோ அங்கேயே தெரிந்துவிடும். பின் தையலை நீளவாக்கில் முழு வலுவுடன் இழுத்துப் பார்க்கவேண்டும். இணைப்பை இருபுறமும் விரித்தால் பல் இளிப்பது போல நூல்கள் தெரியுமாயின் ஊசியின் டென்சன் தளர்ந்துள்ளது என்று பொருள். துணியின்றிச் சில அங்குலம் ஓட்டினால் சங்கிலி போன்ற நூற்சரம் தடையின்றி வரவேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நூல்களை எல்லாம் உருவிவிட்டு, வாங்குபவரே தம் கையால் கோத்துப் பார்க்கவேண்டும். வீட்டு ஓவர்லாக்குகள் பல உறையிட்டு மூடப்பட்டுக் கிடப்பதற்குக் கோக்கும் அச்சமே முதற் காரணம். காற்றழுத்தத்தால் லூப்பரில் நூலைச் செலுத்தும் இயந்திரங்களும் உள்ளன. கண்பார்வை குறைந்தவருக்கு அவை பேருதவி, விலைதான் பன்மடங்கு.

உதிரிப் பாகங்களையும் பழுது பார்ப்பவரையும் பற்றிக் கேட்பது கடைசிக் கேள்வியாக இருத்தல் கூடாது. ஊசி ஒரே வகை அன்று. தொழிற்சாலை ஓவர்லாக்குகள் பல டிசி 27 வகை ஊசியையும், கவர் தையல் இயந்திரங்கள் பல யூஒய் 128 வகையையும் ஏற்கின்றன; வீட்டு இயந்திரங்கள் சாதாரணத் தையல் ஊசியையோ தமக்கெனக் குறித்த வகையையோ ஏற்கும். தம் ஊரில் கிடைக்காத ஊசியைக் கேட்கும் இயந்திரம் எவ்வளவு சிறந்ததாயினும் பயனற்றது.

பழைய இயந்திரம் வாங்குதல்

திருப்பூரில் பவர்டேபிள் எனப்படும், கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு கூடங்கள் மிகுதி. இத்தகைய கூடங்களும் தொழிற்சாலைகளும் இயந்திரங்களை மாற்றும்போது பழையவை விற்பனைக்கு வருகின்றன. புதிய மட்டமான இயந்திரத்தை விடப் பழைய நல்ல இயந்திரம் மேல் என்று கூறுவோரின் கருத்தில் உண்மை உண்டு. எனினும் லூப்பர் முனையை நகத்தால் தடவி உரசல் இருக்கின்றதா என்றும், ஊசித் தண்டைப் பிடித்து அசைத்தால் ஆட்டம் உள்ளதா என்றும், எண்ணெய்க் கண்ணாடியில் எண்ணெய் தெளிவாக உள்ளதா கறுத்துள்ளதா என்றும் பார்த்தல் வேண்டும். புதிதாக வண்ணம் பூசப்பட்ட உடல் எதனையும் உறுதிப்படுத்துவதில்லை. மாதத் தவணையில் வாங்கிய இயந்திரம் முதல் மாதத்திலேயே நின்றால், தவணை மட்டும் நிற்பதில்லை.

கோத்தலும் பராமரிப்பும்

நூல் கோக்கும் வரிசை மேல் லூப்பர், கீழ் லூப்பர், பின்னர் ஊசிகள் என்பதாகும். ஊசி நூல் ஏற்கெனவே இருக்கும் நிலையில் கீழ் லூப்பரை மட்டும் கோத்தால், ஊசி நூல் லூப்பரின்மேல் சிக்கி, இரண்டு மூன்று தையல்களில் அறுந்துவிடும். இயந்திரம் கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கை அழைக்கும் நிகழ்வுகளில் பல இவ்வொரு காரணத்தால் ஏற்படுவன. கீழ் லூப்பர் நூல் அறுந்தால் முதலில் ஊசி நூல்களை உருவி, கீழ் லூப்பரைக் கோத்து, ஊசிகளைப் பின்னர் கோக்கவேண்டும். நிறம் மாற்றும்போது பழைய நூலைக் கோனுக்கு அருகில் நறுக்கி, புதிய நூலின் முனையை அதனுடன் முடிந்து, காலைத் தூக்கி இழுத்தால் லூப்பர்கள் வழியே முடிச்சு கடந்து வரும். ஊசியின் காதில் மட்டும் முடிச்சு நுழையாது; அங்கே நறுக்கிக் கோக்கவேண்டும்.

நறுக்கிய துணியிலிருந்து எழும் பஞ்சு, எண்ணெயுடன் கலந்து லூப்பர்களுக்கு அடியில் களிபோல் படியும். நாள்தோறும் தூரிகையால் அகற்றுதல் நன்று. ஊதினால் பஞ்சு உள்ளே செல்லும். பின்னல் துணிக்கு முனை உருண்ட ஊசி தேவை. கூர்மையான ஊசி இழையை அறுத்து, துவைத்தபின் தையலோரம் ஓட்டைகள் விழச்செய்யும்.

குண்டூசி குத்தித் தைப்பது இவ்வியந்திரத்தில் அறவே கூடாது. கத்தி குண்டூசியை வெட்டினால் கத்தியின் விளிம்பு உடைவதோடு, துண்டு கண்ணை நோக்கித் தெறிக்கும். தொழிற்சாலை இயந்திரங்களில் காலுக்கு முன்னால் உள்ள ஒளிபுகும் மறைப்பு இதற்காகவே பொருத்தப்பட்டுள்ளது. கூலிக்குத் தைப்போர் பலர், பார்வைக்கு இடைஞ்சல் என்று அதனைக் கழற்றி வைத்துவிடுகின்றனர். துணிகளைப் பிடித்துவைக்க நெகிழிக் கவ்விகளைப் பயன்படுத்தலாம்; அவையும் கத்தியை அடையுமுன் எடுக்கப்பட வேண்டும்.